போன மாடு, வந்த மாடு

எங்கள் ஊர் மந்தையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஜல்லிக்கட்டு நாளன்று விடியற்காலையில் அதன் நடுவே ஒரு கோடு கிழித்து, இடதுபக்கம் ‘போன மாடு’ என்றும் வலதுபக்கம் ‘வந்த மாடு’ என்றும் எழுதுவோம். வாடிவாசல் தாண்டி ஓடும் ஒவ்வொரு காளையும் இடதுபக்கம் ஏறும். அதே காளையைச் சொந்தக்காரர் கயிறு போட்டுப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார் என்று தகவல் வந்ததும் வலதுபக்கம் ஏறும். இரண்டு எண்ணும் சமமாகிற வரைக்கும் எங்கள் சங்கத்து ஆள் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர், அன்னவாசல் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த காளை வளர்ப்போரும் மாடுபிடி வீரர்களும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. 2015இல் 19 பேர் இருந்தோம். இன்று 14 ஊர் இருக்கிறது. “எப்படிங்க இவ்வளவு வளர்ந்துச்சு, பரிசைக் கூட்டினீங்களா?” என்று வெளியூர்க் குழுக்காரர்கள் போனில் கேட்கிறார்கள். பரிசில் எங்களைவிடப் பெரிய ஊர்கள் எத்தனையோ உண்டு. அந்தக் கரும்பலகையின் வலதுபக்கத்தால்தான் நாங்கள் வளர்ந்தோம். அது எப்படி என்று போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடியவில்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு காளை இருந்தன. ஒன்று கருப்பு நிறக் காரி, ஒன்று சிவப்பு நிறச் செவலை. தீர்ப்பு வந்த மறுவாரமே அடிமாட்டு வியாபாரிகள் தெருத்தெருவாக வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியும், இனி இந்த மாட்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம் என்று. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. பசுவுக்குச் சினை ஊசி வந்துவிட்டது. ஜல்லிக்கட்டுக் காளை என்பது தை, மாசியில் அரை நிமிஷம் களத்தில் நிற்பதற்காக வருஷம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்கிற பிள்ளை. பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, உளுந்தங்குருணை, தவிடு என்று தினமும் செலவு. எங்கள் அப்பா காரியை வைத்துக்கொண்டு செவலையைக் கொடுத்துவிட்டார். அது லாரியில் ஏற மறுத்து முன்காலை ஊன்றி நின்றதும், அம்மா வந்து கழுத்தைத் தடவிக் கொடுத்ததும் அமைதியாக ஏறிவிட்டதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா அதற்குப் பிறகு பல நாள் தொழுவத்துப் பக்கமே போகவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊரில் சத்தமே இல்லை. அன்று சாயங்காலம் மந்தைப் புளியமரத்தடியில் 19 பேர் உட்கார்ந்தோம். முடிவெடுத்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது காளையை விற்கிற நிலைமைக்கு வந்தால், வியாபாரியிடம் போவதற்கு முன்னால் மற்ற 18 பேரிடம் சொல்ல வேண்டும். முடிந்தவர் தீனி கொடுப்போம், முடியாவிட்டால் சேர்ந்து காளையை வாங்கி யாராவது ஒருவர் வீட்டில் கட்டுவோம். மணப்பாறையிலிருந்து தீவனத்தை மூட்டைக் கணக்கில் மொத்தமாக இறக்கிப் பிரித்துக்கொண்டோம். சங்கம் என்ற பேச்சே அப்போது இல்லை. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம். விழா நடத்துவதற்காகக் கூடுகிற கூட்டம் விழா முடிந்ததும் கலைந்துவிடும். மாட்டைக் காப்பாற்றுவதற்காகக் கூடியவர்களுக்கு ஆடியிலும் வேலை இருக்கும், ஐப்பசியிலும் வேலை இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தீவனத்திலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

2017 ஜனவரி மெரினா போராட்டமும், 21ஆம் தேதி வந்த அவசரச் சட்டமும், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாங்களும் இரண்டு வேன் பிடித்துப் போனோம். மாசியில் எங்கள் ஊரில் வாடி திறந்தபோது பெரியவர்கள் அழுததைப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில் நாங்கள் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சவுக்குக் கட்டையில் தடுப்பு, தென்னை நார் போட்ட களம், மேடை, ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, அண்டா, கட்டில், சைக்கிள் என்று பரிசு, ஆம்புலன்ஸ், மருத்துவர், அதிகாரிகள், கேமரா. எல்லாம் இருந்தது. எல்லாமே வாடிவாசலைப் பார்த்து இருந்தது.

இங்கே விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாடிக்குள் காளை வந்ததும் மூக்கணாங்கயிற்றை அறுத்து உருவிவிடுவார்கள். திட்டிவாசல் வழியாக அது வெறும் முகத்தோடு களத்துக்குள் பாயும். வீரர் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். வாலையோ கொம்பையோ தொடக் கூடாது. 15 மீட்டர் தூரமோ, 30 விநாடியோ, மூன்று துள்ளலோ தாக்குப்பிடித்தால் அவர் வென்றார். மேடையில் பெயர் சொல்வார்கள், பரிசு கொடுப்பார்கள். அதோடு அடுத்த மாடு. முதல் மாடு எங்கே போயிற்று?

களம் முடிகிற இடத்தில் மாடு சேர்கிற இடம் தொடங்குகிறது. அங்கேதான் சொந்தக்காரர்கள் கயிறோடு காத்திருப்பார்கள். மூக்கில் கயிறு இல்லாத, நாலு பேர் மேலே விழுந்த பயத்தில் இருக்கிற, 300, 400 கிலோ எடையுள்ள பிராணி அந்த இடத்துக்குள் ஓடி வருகிறது. அதற்குத் தன் ஆள் யார், வேற்று ஆள் யார் என்று பார்க்கிற நிதானம் இருக்காது. பின்னாலேயே அடுத்தது வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லோரும் தன் மாட்டையே தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்தவன் மாடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரியாது.

2018இல் பக்கத்து வட்டாரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அன்றைக்கு நாங்கள் நடத்தியிருந்தாலும் அப்படித்தான் நடத்தியிருப்போம். என் தாய்மாமன் தன் மயிலைக் காளையை அவிழ்த்துவிட்டுச் சுற்றுவழியாக ஓடிப் பின்பக்கம் போய் நின்றார். நான் அவருக்குப் பத்தடி தள்ளி. மயிலை வந்துவிட்டது, இவரைப் பார்த்து நின்றும்விட்டது. மாமா கயிற்றை எடுத்து “வா ராசா, வா” என்று இரண்டு எட்டு வைத்தார். யாருடையதோ ஒரு பில்லைக் காளை இடதுபக்கமிருந்து வந்தது. குத்தியதுகூட இல்லை, போகிற போக்கில் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. அவ்வளவுதான்.

உள்தொடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துளை. அதைப் பார்த்து “சின்னக் காயந்தான்” என்று மூன்று பேர் சொன்னார்கள். நானும் நம்பினேன். கொம்புக் காயம் வெளியே காசு அளவு இருக்கும், உள்ளே ஒரு சாண் போயிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வேட்டியைக் கிழித்து ஒரு கட்டுப் போட்டோம். தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினோம். ஆம்புலன்ஸ் வாடிக்குப் பக்கத்தில், கூட்டத்தின் அந்தப் பக்கம் நின்றது. வேலியைச் சுற்றி, தேர்க்கூட்டம் மாதிரி நின்ற ஜனத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது. என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மாமா கேட்டது ஒன்றுதான்: “மயிலையப் புடிச்சிட்டாங்களாடா?” “புடிச்சாச்சு மாமா” என்றேன். பிடிக்கவில்லை. அது மறுநாள்தான் கிடைத்தது. மாமா அன்று ராத்திரியைத் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புளியமரத்தடியில் மறுபடி உட்கார்ந்தோம். சிலர் இனிமேல் வேண்டாம் என்றார்கள். அதில் தப்பில்லை. அப்போது அத்தைதான் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். “அவரு மாட்டால சாகல. பின்னாடி யாருமே இல்லாததால செத்தாரு. நடத்துறதா இருந்தா அங்க ஆள் நிறுத்தி நடத்துங்க. இல்லாட்டி நடத்தாதீங்க.” இந்த வார்த்தைதான் இன்றுவரை எங்கள் சங்கத்தின் முதல் விதி. மற்ற விதிகளை எல்லாம் பிறகு எழுதிச் சேர்த்தோம்.

அந்த ஆண்டே சங்கத்தைப் பதிவு செய்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். பெரிய சிரமம் இல்லை. ஆனால் துணைவிதிகளை வேறு சங்கத்தின் தாளைப் பார்த்து அப்படியே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் நாலு ராத்திரி உட்கார்ந்து எங்கள் வாயால் பேசி எழுதினோம். நிர்வாகிகள் வீட்டுக் காளை எங்கள் களத்தில் கடைசிச் சுற்றில்தான் அவிழும் என்று ஒரு விதி வைத்தோம். அந்த ஒரு விதிக்காகவே முதல் தலைவராக இருக்க வேண்டியவர் விலகினார். நல்ல மனிதர், மாட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர், வருத்தமாகத்தான் இருந்தது. விதியை மாற்றவில்லை. அடுத்த வருஷம் டோக்கனுக்கு எந்தப் பெரிய மனிதர் சிபாரிசோடு வந்தாலும், “எங்க தலைவர் மாடே கடைசியிலதாங்க போகுது” என்று சொல்ல முடிந்தது. அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

பின்பக்கத்தைச் சரிசெய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோருமே இதை ஒரு வரியில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் நீளம். களத்திலிருந்து மாடு நேராக ஆட்களிடம் போய்ச் சேரக் கூடாது. நடுவே அது ஓடிக் களைக்கிற மாதிரி இரண்டு பக்கமும் தடுப்புப் போட்ட வெற்றுப் பாதை வேண்டும். எங்கள் ஊரில் இதற்காகக் களத்தையே கண்மாய்க்கரைப் பக்கம் திருப்பினோம். மேடைக்கு வெயில் அடிக்கிறது என்று விருந்தினர்கள் குறைப்பட்டார்கள். பந்தலை உயர்த்திப் போட்டுக் கொடுத்தோம். பாதையைத் திருப்பவில்லை.

பாதை முடிவில் மூன்று கிழட்டுப் பசுக்களைக் கட்டிவைத்தோம். இது ஒரு கிடைக்காரப் பெரியவர் சொன்ன யோசனை. புலிக்குளம் மாட்டுக் கிடை போட்டுப் பழகியவர். “மாடு மனுசனப் பாத்தா மிரளும், மாட்டப் பாத்தா நிக்கும்” என்றார். அப்படியே நடந்தது. மிரண்டு வருகிற காளை பசுக்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். எல்லாக் காளையும் அல்ல, பத்துக்கு ஆறு ஏழு. பக்கத்திலேயே தொட்டியில் தண்ணீர்.

அதன் பிறகு கயிறுக்காரர்கள். ஓட்டமெல்லாம் ஓடி முடித்த, ஐம்பது வயதுக்காரர்கள் எட்டுப் பேர். இளவட்டங்களுக்கு இந்த வேலை ஆகாது, அவர்களுக்கு மாட்டோடு மல்லுக்கட்டத்தான் தோன்றும். ஒருவர் பக்கவாட்டில் நின்று கொம்பில் சுருக்கு எறிவார். விழுந்ததும் இழுக்க மாட்டார், கயிற்றை ஊன்றிய கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சும்மா இருப்பார். இழுக்க வேண்டியதைத் தூண் இழுத்துக்கொள்ளும். மாடு இரண்டு தடவை முட்டிப் பார்த்து நிற்கும். இன்னொருவர் எதிர்ப்பக்கமிருந்து இரண்டாவது சுருக்கு. அப்புறம்தான் சொந்தக்காரர் பக்கத்தில் போய்ப் புது மூக்கணாங்கயிறு கோப்பார். இதில் அவசரம் என்பதே கிடையாது. துண்டை வீசக் கூடாது, ஓடக் கூடாது, கத்தக் கூடாது. சிவப்பைக் கண்டால்தான் மாடு பாயும் என்பது தவறு, எந்த நிறமானாலும் ஆடுகிற துணியைக் கண்டால் பாயும். ஒரு சமயத்தில் பின்பக்கத்தில் மூன்று மாட்டுக்கு மேல் நின்றால், கயிறுக்காரர் பச்சைக் கொடியைக் கீழே இறக்குவார். கொடி இறங்கினால் வாடி மூடும். அமைச்சர் வந்து உட்கார்ந்திருந்தாலும் மூடும்.

அந்தக் கொடியால் எங்களுக்கு வசவும் விழுந்தது. “விறுவிறுப்பே போச்சு” என்று ஒலிபெருக்கிக்காரரே சொன்னார். முதல் வருஷம் கூட்டம் குறைந்ததும் உண்மை. ஆனால் மாடு வளர்ப்பவர்கள் அதே வருஷம் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். இந்த ஊருக்குக் கொண்டுபோனால் மாடு திரும்பி வருகிறது. அடுத்த தைக்குக் காளைப் பதிவுக்கு வந்தவர்களின் வரிசை மந்தையைத் தாண்டி நின்றது.

கிணறுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கைப்பிடிச் சுவர் இல்லாத, தண்ணீர் வற்றிய, ஓரத்தில் ஆவாரஞ்செடி மண்டிய கிணறு எங்கே பார்த்தாலும் இருக்கும். தடுப்பை மீறி வயல் பக்கம் ஓடுகிற காளைக்கு அது கண்ணுக்கே தெரியாது. விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பையன்கள் ஒரு நோட்டோடு நடந்து மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள அத்தனை கிணற்றையும் எழுதி வருவார்கள். யார் கிணறு, எந்தப் பக்கம் சுவர் இல்லை, வலை போதுமா, கருவேல முள் வெட்டிப்போட வேண்டுமா. அந்த நோட்டின் ஒரு நகலைத் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்துவிடுவோம்.

இதில் எங்கள் தவறு ஒன்று உண்டு, மறைக்க விருப்பமில்லை. 2020இல் ஒரே தையில் ஐந்து ஊர் புதிதாகச் சேர்ந்தன. மகிழ்ச்சியில் எல்லோருக்கும் தேதி கொடுத்துவிட்டோம். ஒரே வாரத்தில் மூன்று ஊரில் வாடி. கயிறுக்காரர்கள் அதே எட்டுப் பேர். மூன்றாவது ஊரில் கிணறு எண்ணப் போக நேரமில்லை, “எங்களுக்குத் தெரியாத கிணறா” என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். சாயங்காலம் ஒரு காரி, இன்னும் பல் முழுதாகச் சேராத இளம் காளை, பொட்டல் தாண்டி ஓடிக் கிணற்றில் விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து பெல்ட் போட்டுத் தூக்கினார்கள். மேலே வரும்போது உயிர் இல்லை. சொந்தக்காரர் ஒரு கல்லூரிப் பையன். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையில் அன்று வலதுபக்கம் ஒன்று குறைவாகவே நின்றது. அதை அழிக்க வேண்டாம் என்று மறுநாளும் விட்டுவைத்தோம்.

அன்றிலிருந்து ஒரு ஊர் சங்கத்தில் சேர விரும்பினால் முதல் வருஷம் வாடி கிடையாது. அந்த ஊரிலிருந்து நாலு பேர் எங்கள் பின்பக்கத்தில் வந்து ஒரு பருவம் முழுக்கக் கயிறு பழக வேண்டும். கிணறு நோட்டு முடிந்திருக்க வேண்டும். தச்சங்குறிச்சியில் ஜனவரித் தொடக்கத்தில் ஆண்டின் முதல் வாடி திறந்தால் மே வரைக்கும் எங்கள் மாவட்டத்தில் எங்காவது ஒரு ஊரில் ஜல்லிக்கட்டு இருந்துகொண்டே இருக்கும். அதனால் பழகுவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. காத்திருக்கச் சொன்னதால் சில ஊர்கள் கோபித்துக்கொண்டு போயின. காத்திருந்த ஊர்கள் இன்றுவரை எங்களோடு இருக்கின்றன.

காயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர் ஒவ்வொரு மார்கழியும் எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் பாடம் எடுக்கிறார். தொடையில் கொம்பு பட்டால் காயத்தின் அளவைப் பார்க்காதே, சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுத்துப் பார்க்காதே. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. வயிற்றில் குத்திக் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதே, ஈரத்துணியால் மூடு. குடிக்கத் தண்ணீர் கொடுக்காதே. முதல் வருஷம் அவர் என் கையைப் பிடித்து ஒரு மணல் மூட்டையில் அழுத்தச் சொல்லிக் காட்டினார். இவ்வளவு பலமாகவா என்று கேட்டேன். “ஆமா தம்பி, வலிக்குதுன்னு அவங்க கத்துவாங்க. கத்தட்டும்” என்றார். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது ஆம்புலன்ஸ் ஒன்று முன்பக்கம் என்றால் இன்னொன்று பின்பக்கம், வெளியே போகத் தனிப் பாதையோடு. அந்தப் பாதையில் ஐஸ் வண்டிகூட நிற்க விடமாட்டோம்.

அனுமதி வாங்குகிற வேலை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான், அரசிதழில் ஊர்ப்பெயர் வருவதிலிருந்து ஆட்சியர் உத்தரவு வரை. ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள் என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. இரட்டைத் தடுப்புக்கு வாடகை கொடுத்து மாளவில்லை என்று ஆறு ஊர் சேர்ந்து இரும்புக் குழாய்களை வாங்கி வைத்துக்கொண்டோம். வரவு செலவை விழா முடிந்த எட்டாம் நாள் சாவடிச் சுவரில் ஒட்டுகிறோம், பெட்டிக்கடைக்காரர் கொடுத்த 50 ரூபாய் உள்பட.

டோக்கனில் மட்டும் நிறைய அடிபட்டோம். கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒரே எண்ணில் மூன்று மாடு வந்து நின்ற வருஷம் உண்டு. இப்போது டோக்கனில் மாட்டின் படமும் சொந்தக்காரர் படமும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக நேரம் போட்டுக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் முதல்நாள் ராத்திரியே குட்டியானையில் மாட்டை ஏற்றிவந்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் ரோட்டில் வெயிலில் நிற்க வைப்பார்கள். அப்படி நின்ற மாடு களத்தில் விளையாடாது, வெறிக்கும். 11 மணி டோக்கன் உள்ளவர் 9 மணிக்கு வந்தால் போதும் என்று ஆனபிறகு, பின்பக்கத்திலும் மாடுகள் அமைதியாக நிற்பதைக் கண்ணால் பார்த்தோம்.

இன்னொன்று, சொல்வதற்குச் சங்கடமானது. ஒலிபெருக்கியில் மாட்டுக்காரர் பெயரோடு சாதிப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்வது எங்கள் பக்கம் நெடுங்காலப் பழக்கம். கிழக்குத் தெருப் பையன்களின் மாடு வரும்போது மட்டும் பெயரை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். பரிசும் பெரும்பாலும் அவர்களுக்கு வாய்ச்சொல்லோடு நின்றுவிடும். எங்கள் முதல் 19 பேரில் மூன்று பேர் கிழக்குத் தெரு. தடைக்காலத்தில் எங்கள் காரிக்குத் தீனி தந்தவர்களில் அவர்களும் உண்டு. 2019இல் ஊர்ப்பெயர், ஆள்பெயர், மாட்டின் பெயர், இந்த மூன்றைத் தவிர எதுவும் ஒலிபெருக்கியில் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். இரண்டு உபயக்காரர்கள் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொடுத்து அனுப்பினோம். அந்த வருஷம் சிறந்த காளை கிழக்குத் தெரு மாடுதான். பரிசு ஒரு பீரோ. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களோடு வடக்குத் தெருக்காரர்களும் நடந்து போனார்கள் என்பதை நான் பார்த்தேன். எல்லோரும் போகவில்லை, சிலர் போனார்கள்.

பெண்கள் விஷயத்தில் நாங்கள் ரொம்பத் தாமதம். கட்டுத்தறியில் காளைக்குத் தண்ணீர் காட்டுவதும், சாணி அள்ளுவதும், கொம்பைப் பிடித்துக் கழுவிவிடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஊரையே மிரட்டுகிற மாடு அவர்கள் முந்தானையை முகர்ந்துகொண்டு நிற்கும். ஆனால் விழாவன்று அவர்கள் வீட்டில். 2022இல் ஒரு காளை பின்பாதையில் பிடிபடாமல் அரைமணி நேரம் சுற்றியது. கயிறுக்காரர்கள் அலுத்துவிட்டார்கள். சொந்தக்காரரின் மனைவியைப் போனில் கூப்பிட்டு, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித் தடுப்புக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினோம். அந்தக்கா கத்தவில்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிற குரலில் “ஏய் கருப்பா, தண்ணி குடிக்க வரல?” என்றார். காது இரண்டும் திரும்பின. நேராக நடந்து வந்து தடுப்புக் குழாயில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வருஷத்திலிருந்து பின்பக்கத்தில் அந்த டிரெய்லர் நிரந்தரமாக நிற்கிறது, மேலே பெண்கள். சங்கத்தின் இப்போதைய பொருளாளரும் அந்தக்காதான்.

2023 மே 18இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது வெடி போட்டோம். அன்று மாலையே அத்தை வீட்டுக்குப் போனேன். மாமாவின் மயிலை வயதாகி, கண் மங்கி, கொட்டிலிலேயே படுத்திருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதன் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மாசியில் எங்கள் ஊர்க் களத்தில் 412 மாடு போனது. ராத்திரி எட்டு மணிக்கு வலதுபக்கம் 411. கிணறு நோட்டை வைத்துக்கொண்டு டார்ச்சோடு நாலு பக்கமும் ஆள் அனுப்பினோம். பத்தரைக்குச் சொந்தக்காரரின் அம்மா ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊரிலிருந்து போன் பண்ணினார். “மாடு கட்டுத்தறியில வந்து நிக்குதுய்யா, மூக்குல கயித்தக் காணோம், என்னய்யா பண்ணுனீங்க எம் புள்ளைய?” நாங்கள் சொன்ன சமாதானம் எதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நான் போய்ப் பலகையில் 412 என்று மாற்றி எழுதினேன்.

வருகிற வாரம் இரண்டு ஊர்க்காரர்கள் சேருவதற்குப் பேச வருகிறார்கள். பையன்கள் ஏற்கெனவே அங்கே போய் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஊரில் மட்டும் இதுவரை நாற்பது கிணறு எழுதியிருக்கிறார்கள், தெற்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.